ரெண்டாம் ஞாயிறு

கொஞ்சம் நகந்துக்கங்க அண்ணே, கேரியர் முட்டில இடிக்குது பாருங்க. சூடெல்லாம் இல்ல, காலிதான். காலைல வரும்போதுதான் கனம். நீங்க தாராளமா சாஞ்சு உக்காருங்க, இந்த சீட்டுக்கு ஒண்ணும் ஆகாது. எங்க கம்பெனி சீட்டு. கரூர்ல பஸ் பாடி கட்டுற கம்பெனில நான் சூப்பர்வைசர், சீட்டு செக்‌ஷன். இந்த வண்டிக்கு சீட்டு போட்டப்ப நானே நின்னு ஒவ்வொரு போல்ட்டா அசைச்சுப் பாத்தேன். பின்னாடி இருக்கறவர் முட்டியால முட்டினாலும் உங்க முதுகுக்குத் தெரியாது.

எது வரைக்கும் போறீங்க? குளித்தலையா. அப்ப நேரமிருக்கு. உங்ககிட்ட ஒரு நியாயம் கேக்கணும் அண்ணே. தெரிஞ்சவங்ககிட்ட கேட்டா எல்லாரும் என் பொண்டாட்டி பக்கமே பேசுவாங்க. உங்களப் பாத்தா குடும்பஸ்தரா தெரியுது, எங்களையும் தெரியாது. அதனால கேக்கறேன்.

விஷயம் இதுதான். இன்னிக்கு மத்தியானம் என் பொண்டாட்டி சொன்னா, “இன்னிக்கும் நாலு மணிக்குக் கிளம்பினீங்கன்னா அப்படியே போயிருங்க. நானும் பாப்பாவும் கரூருக்கு வரல. இங்கயே இருந்துக்கறோம்”னு. அப்ப மணி மூணே கால். நாலு மணிக்கு நான் கிளம்பிட்டேன். பின்ன என்ன செய்யறது, நாலு ஆயிருச்சே.

சிரிக்காதீங்க அண்ணே, முழுசா கேளுங்க.

என் பேரு பூபாலன். அவ பேரு கோகிலா. கல்யாணம் ஆகி ஒண்ணே முக்கால் வருஷம். நீங்க ஏறி உக்காந்திருந்தீங்களே, நான் ஏறினேனே ஒரு ஸ்டாப்பு, அதுதான் அவ ஊரு. வைகாசில வளகாப்பு போட்டு, ஏழாம் மாசம், அவங்கம்மா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. எல்லா வீட்லயும் நடக்கறதுதான். குழந்தை பொறந்து அஞ்சாம் மாசம் திரும்பக் கொண்டாந்து விடுவாங்க. இதுல சண்டைக்கு என்ன இருக்கு சொல்லுங்க. ஆனா வந்துருச்சு.

பொண்டாட்டிய தாய் வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு மனுசன் என்னென்ன செய்யணுமோ அத்தனையும் செஞ்சேன். புதுசா டிரங்குப் பெட்டி வாங்கினேன். கம்பெனில பஸ்ஸுக்கு ஊர்ப் பேரு எழுதற பெயிண்டர் இருக்காரு. அவர்கிட்ட சொல்லி மூடி மேல மஞ்சள் எழுத்துல ‘பூ. கோகிலா’ன்னு எழுதி வாங்கினேன். கீழ நம்பர், 114. அவ துணி எல்லாத்துலயும், சேலை, நைட்டி, துண்டு ஒண்ணு விடாம, ஓரத்துல செவப்பு நூல்ல 114னு தெச்சேன். மூணு லீவு நாள் உக்காந்து நானே தெச்சது. அப்பறம் ஒரு பக்கெட்டு, ஒரு மக்கு, தட்டு, டம்ளர், பூட்டு ஒண்ணு, சாவி ரெண்டு. ஒரு சாவி கழுத்துல கட்டிக்கறதுக்குக் கயித்தோட.

வளகாப்பு நடந்த எடத்துல மாமா, அதான் என் மாமனார், அந்தப் பக்கெட்டத் தூக்கிப் பாத்துட்டு, “ஏன் மாப்ள, எங்க வீட்ல பக்கெட்டு இல்லயா?”ன்னாரு. “இருக்கும் மாமா, ஆனா மாறிப் போயிரும்”னேன். “யாருதோட மாறும்? வீட்ல இருக்கறதே நானும் உங்க அத்தையும்தான்”னாரு. அத்தை நம்பரப் பாத்துட்டு, “இது என்ன மாப்ள நூத்திப் பதினாலு? பாத்தா ஜெயிலுக்குப் போறவளுக்குக் குடுக்கற மாதிரி இருக்கு”ன்னாங்க. “என் நம்பர்தான் அத்தை, ராசியான நம்பர்”னேன். கோகிலா அந்தச் சாவியக் கழுத்துல போட்டுக்கிட்டா. அப்பெல்லாம் அவ என்னைய ரசிச்சுட்டுத்தான் இருந்தா.

எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னா, ஒண்ணாங்கிளாஸ்ல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் நான் ஹாஸ்டல். அங்க என் நம்பர்தான் 114. ராசிபுரம் பக்கம், பேரு வேணாம். எங்கப்பா அம்மாவுக்கு சூரத்துல இட்லிக்கடை. விடியறதுக்கு முன்னாடி மாவாட்ட எந்திரிச்சா படுக்கற வரைக்கும் ஓட்டம். சின்னப் பையன எண்ணெய்ச் சட்டி பக்கத்துல வெச்சுக்க முடியாது, படிப்பும் அங்க வேற பாஷை. அதனால கொண்டாந்து விட்டாங்க. எனக்கு அஞ்சரை வயசு. குத்தம் சொல்ல ஒண்ணுமில்ல அண்ணே. நல்லா படிக்க வெச்சாங்க. கல்யாணத்துக்கு மூணு நாள் கடைய சாத்திட்டு வந்து நின்னாங்க. பாப்பாவப் பாக்கப் பொங்கலுக்கு வர்றாங்க.

கோகிலாவோட பெரியப்பா பொண்ணு ஒண்ணு திருச்சில மனோதத்துவம் படிக்குது. அது சொல்லுதாம், சின்ன வயசுல அப்பா அம்மாவப் பிரிஞ்சு வளந்த புள்ளைங்களுக்கு மனசுல ஒரு பாதிப்பு இருக்குமாம், வளந்தப்பறம் அது நடத்தைல தெரியுமாம். என்னைய எதிர்ல உக்கார வெச்சுக்கிட்டே சொல்லுது. நான் கேட்டேன், “எனக்கு என்னம்மா பாதிப்பு, நான் நல்லாத்தான இருக்கேன்?”னு. அது கோகிலாவப் பாத்துச்சு, கோகிலா அதப் பாத்தா, ரெண்டும் சிரிச்சுக்கிச்சு.

மத்த பசங்க அழுவானுங்க. நான் முதல் நாள் மட்டுந்தான் அழுதேன். முதல் நாள்னா, ஒரு பதினோரு நாள் இருக்கும். அதோட சரி. அதுக்கப்பறம் இன்னி வரைக்கும் அழுததில்ல. கல்யாணத்துல ஐயர் போட்ட புகைக்கு எல்லாருக்கும் கண்ணுல தண்ணி, எனக்கு ஒரு சொட்டு வரல.

பழக்கம்னு ரெண்டு மூணு இருக்கு, இல்லன்னு சொல்லல. சாப்புடும்போது எடது கை தட்டச் சுத்தி வந்துரும். இல்லன்னா பக்கத்துல இருக்கறவன் முட்டைய எடுத்துருவான். இப்ப பக்கத்துல உக்காந்து சாப்புடறது கோகிலா. அவ முட்டையே தொட மாட்டா. இருந்தாலும் கை வந்துருது. பிஸ்கட்டு, முறுக்கு வாங்கினா பெட்டில வெச்சுப் பூட்டுவேன். அப்பறம் அவ கடைக்கு, கோயிலுக்குப் போனா வர்ற வரைக்கும் வாசல்ல கம்பிய புடிச்சுக்கிட்டு நிப்பேன். சும்மாதான், காத்து நல்லா வரும். மாடி வீட்டம்மா, “என்ன தம்பி, பால் வாங்கப் போனவளுக்கு இப்படிக் காவல் நிக்கறீங்க”ன்னு கேலி பண்ணும். இதெல்லாம் பாதிப்பா அண்ணே? ஒழுங்குன்னு சொல்லுங்க, ஒத்துக்கறேன்.

சரி, விஷயத்துக்கு வர்றேன். எங்க ஹாஸ்டல்ல மாசத்துல ரெண்டாவது ஞாயித்துக்கிழம பெத்தவங்க வந்து பாக்கலாம். காலைல பத்து மணில இருந்து சாயங்காலம் நாலு வரைக்கும். மைதானத்தச் சுத்தி மரம். ஒரு குடும்பத்துக்கு ஒரு மரம். ஜமுக்காளத்த விரிச்சு கேரியரத் தொறந்தாங்கன்னா மைதானமே பிரியாணி வாசம் வீசும். எங்கப்பா அம்மாவால மாசாமாசம் முடியாது. அம்மா கடையப் பாத்துக்குவாங்க, அப்பா மட்டும் வருவாரு, வருஷத்துல ரெண்டு தரம். மத்த மாசமெல்லாம் நான் மரம் மரமா போவேன். வெக்கமெல்லாம் படறதில்ல. “வாடா பூபாலா”ன்னு அவங்களே கூப்புட்டு எலைல வெப்பாங்க. திருச்செங்கோட்டுக்காரங்க மல்லித்தழை அள்ளிப் போடுவாங்க. ஆத்தூர்க்காரங்களுது எண்ணெய் மெதக்கும், ஆனா கறி வெந்திருக்கும். பிரியாணிய மோந்து பாத்து எந்த ஊர்க்காரங்க ஆக்கினதுன்னு சொல்லிருவேன் அண்ணே.

இப்ப பாருங்க. எங்கப்பா வருஷத்துக்கு ரெண்டு தரம் வந்தாரு. நான் மாசாமாசம் போறேன். ஒரு மாசம் தவறல. அவ போய் அஞ்சு ரெண்டாம் ஞாயிறு ஆச்சு, அஞ்சுக்கும் பத்து மணிக்கு டான்னு நின்னிருக்கேன். இதுக்கு மேல ஒரு புருசன் என்ன செய்ய முடியும்? மாமா சொல்றாரு, “கரூர்ல இருந்து ரெண்டு மணி நேரந்தான மாப்ள, வாராவாரம் வாங்களேன்”னு. வரலாம். அப்பறம் ரெண்டாம் ஞாயிறுன்னு ஒண்ணு எதுக்கு?

முதல் தடவ போனப்ப வீட்டு முன்னாடி புங்க மரம் இருக்கு, அதுக்கடில ஜமுக்காளத்த விரிச்சு உக்காந்தேன். மாமா பதறிட்டாரு. “உள்ள வாங்க மாப்ள, ஃபேன் ஓடுது.” “இருக்கட்டும் மாமா, இங்கயே நல்லா இருக்கு.” கோகிலா வயித்தத் தூக்கிக்கிட்டு வந்து கூட உக்காந்தா. தெருவுல போறவங்க எல்லாம் நின்னு பாக்கறாங்க. ஒரு பெரியவர் மாமாவத் தனியா கூப்புட்டு, “என்னப்பா, மாப்ளைய வாசப்படி ஏத்தலயா, என்ன தகராறு?”ன்னு கேட்டாராம். அடுத்த மாசம் நான் போகும்போது மரத்தடில ஒரு கட்டில், ஒரு டேபிள் ஃபேன், ஒயரு வீட்டுக்குள்ள இருந்து இழுத்து விட்டிருக்கு. மாமா நல்ல மனுசன் அண்ணே. அவர நான் தப்பே சொல்ல மாட்டேன்.

அப்பறம் இந்த போன் பிரச்சன. ஹாஸ்டல்ல போன் வார்டன் ரூம்ல இருக்கும். ஞாயித்துக்கிழம ஆளுக்கு மூணு நிமிஷம். பின்னாடி நாப்பது பேர் நிப்பானுங்க. அதனால நான் போன்ல வளவளன்னு பேச மாட்டேன். கோகிலா தெனமும் கூப்புடுவா. “சாப்டியா, ஒடம்பு நல்லா இருக்கா, ஏதாச்சும் வேணுமா?” மூணும் கேட்டுட்டு, “சரி வெச்சிரட்டா, பின்னாடி ஆள் நிக்குது”ம்பேன். நானா சொல்றதில்ல, வாய் சொல்லிரும். பத்து நாள் கேட்டுக்கிட்டா. ஒரு நாள், “வீட்ல தனியாத்தான இருக்கீங்க, பின்னாடி யாரு நிக்கறது?”ன்னா. நான், “யாருமில்ல, சும்மா ஒரு வார்த்தைக்கு சொன்னேன்”னேன். அதுதான் தப்பாப் போச்சு. உண்மைய சொன்னாலும் மாட்டிக்கற மாதிரி ஒரு பதில் அண்ணே அது.

மூணாம் நாள் மாமா வந்து நிக்கறாரு கரூர்ல. கைல ஒரு கட்டு முருங்கக்காய். “இந்தப் பக்கம் ஒரு வேலையா வந்தேன்.” உளவு பாக்கத்தான் வந்திருக்காருன்னு எனக்குத் தெரியாதா. கட்டிலுக்கு அடில குனிஞ்சு பாத்தாரு. பாத்ரூம எட்டிப் பாத்தாரு. கொடில ரெண்டு சட்டை, ரெண்டு பனியன், எல்லாம் 114. சமையல்கட்டுல ஒரு தட்டு, ஒரு டம்ளர், கழுவிக் கவுத்து வெச்சிருந்தேன். மத்த பாத்திரத்த எல்லாம் மூட்டையாக் கட்டிப் பரண்ல போட்டுட்டேன், அவ வந்தா எறக்கிக்கலாம்னு. என் பாய சுருட்டி மூலைல நிக்க வெச்சிருந்தேன். “கட்டில்ல படுக்கறதில்லயா மாப்ள?”ன்னாரு. “அது ரெண்டு பேர் கட்டிலு மாமா”ன்னேன்.

அவர் அந்தத் தட்டையே ரொம்ப நேரம் பாத்துக்கிட்டு நின்னாரு. தட்டுல என்ன சந்தேகமோ. போகும்போது என் தோளப் புடிச்சு, “சாப்பாட்டுக்காச்சும் வாராவாரம் வந்துருங்க மாப்ள”ன்னாரு. கண்ணு கலங்கியிருந்துச்சு. உளவு பாக்க வந்த எடத்துல ஒண்ணும் கெடைக்கலன்னா ஏமாத்தமா இருக்கும், அதுக்காக ஒரு மனுசன் கண் கலங்குவாரா? எனக்கு இன்னி வரைக்கும் புரியல. முருங்கக்காய் நல்லா சதைப்பத்தா இருந்துச்சு.

பாப்பா பொறந்தது ஆகஸ்ட்ல, ஒரு புதன்கிழம. மாமா போன் பண்ணி, “மாப்ள, பொண்ணு பொறந்திருக்கு, ரெண்டு பேரும் சௌக்கியம், கிளம்பி வாங்க”ன்னாரு. நான் ரொம்ப சந்தோஷமா, “சரிங்க மாமா, ஞாயித்துக்கிழம வந்துர்றேன்”னேன். லைன் கட்டாயிருச்சோன்னு ரெண்டு தரம் ஹலோ சொன்னேன். நல்ல வேளை, அந்த வாரமே ரெண்டாம் ஞாயிறு. தள்ளிப் பொறந்திருந்தா என்ன பாடு பட்டிருப்பேனோ.

புதன்கிழம ஏன் போகலன்னு நீங்களும் கேப்பீங்க. காரணம் இருக்கு. எங்க ஹாஸ்டல்ல ரெண்டாம் ஞாயிறு இல்லாத நாள்ல வீட்ல இருந்து ஆள் வந்தா ஒரே சேதிதான். அஞ்சாங்கிளாஸ்ல எனக்குப் பக்கத்துப் பெட்டி தனசேகர். ஒரு செவ்வாக்கிழம கணக்கு பீரியட்ல பியூன் வந்து, “உங்க சித்தப்பா வந்திருக்காரு”ன்னாரு. அவன் துள்ளிக்கிட்டு ஓடினான். எங்களுக்கெல்லாம் வயித்தெரிச்சல், இவனுக்கு மட்டும் செவ்வாக்கிழமைல ஆள் வருதேன்னு. சாயங்காலம் வந்து அவன் பெட்டியத் தூக்கிட்டுப் போனாங்க. அவங்கம்மா போயிட்டாங்க. அதுல இருந்து கெழம தப்பி யாராச்சும் கேட்டுல நின்னா நாங்க எல்லாரும் பியூன் வாயையே பாப்போம், யாரு பேரச் சொல்லப் போறாங்களோன்னு. இப்ப சொல்லுங்க, புதன்கிழம நான் திடீர்னு ஆஸ்பத்திரில போய் நின்னா புள்ள பெத்தவ என்ன நெனப்பா? பயந்துற மாட்டாளா?

இன்னொண்ணு சொல்றேன், இது யாருக்கும் தெரியாது. நீங்க குளித்தலைல எறங்கிப் போயிருவீங்க, அதனால சொல்றேன். அந்தப் புதன்கிழம நான் போனேன். கம்பெனில அரை நாள் லீவு சொல்லிட்டு முசிறிக்கு வந்து, ஆஸ்பத்திரிக்கு எதிர்ல மருந்துக்கடை இருக்கு, அங்க ஓரமா நின்னேன். ஒன்றரை மணி நேரம். கடைக்காரர் ரெண்டு தரம் “என்ன வேணும்”னாரு, ரெண்டு தரமும் தலைவலி மாத்திர வாங்கினேன். அப்ப அத்தை ஃபிளாஸ்க்க எடுத்துக்கிட்டு டீக்கடைக்கு வந்தாங்க. நான் தட்டிக்குப் பின்னாடி ஒதுங்கிட்டேன். டீக்கடைக்காரர்கிட்ட என்னமோ சொல்லிச் சிரிச்சாங்க. அந்தச் சிரிப்பப் பாத்ததும் எனக்கு உசிரு வந்துச்சு. எல்லாம் நல்லபடியாத்தான் இருக்குன்னு அடுத்த பஸ்ஸ புடிச்சு வந்துட்டேன்.

உள்ள போய்ப் பாத்தா என்னவா? இவ்வளவு நேரம் என்னண்ணே சொன்னேன். புதன்கிழமங்க.

ஞாயித்துக்கிழம முறையா அஞ்சடுக்குக் கேரியர்ல மட்டன் பிரியாணியோட போனேன். அத்தை மூடியத் தொறந்து பாத்துட்டுத் தலைல கை வெச்சாங்க. “மாப்ள, பச்ச ஒடம்புக்காரி. பூண்டுக் கொழம்பு தவிர நாங்க ஒண்ணும் குடுக்கறதில்ல. இதத் தின்னா பால் குடிக்கற புள்ளைக்கு வயித்தால போயிரும்.” எனக்கு அது தெரியல அண்ணே. ரெண்டாம் ஞாயிறுன்னா பிரியாணிதான, வேற என்ன கொண்டு போறது? அக்கம்பக்கத்துல குடுத்தாங்க. இப்ப அந்தத் தெருவுல ரெண்டாம் ஞாயிறு யாரும் ஒலை வைக்கறதில்ல. பத்து மணிக்கே கிண்ணத்தோட வந்துர்றாங்க. பாப்பாவுக்குப் பேர் வைக்கறதுக்கு மாமா ஜோசியர்கிட்ட மல்லுக்கட்டி ரெண்டாம் ஞாயித்துலயே நாள் வாங்கினாரு. நிறைமதின்னு வெச்சோம். நல்லா இருக்குல்ல?

இப்ப இன்னிக்கு நடந்தது.

காலைல இருந்து எல்லாம் நல்லாத்தான் போச்சு. பாப்பாவுக்கு இப்ப ரெண்டு மாசம். மொகம் பாத்து சிரிக்கறா. மத்தியானம் கட்டில்ல நான் படுத்திருந்தேன், பாப்பாவ என் நெஞ்சு மேல போட்டா. அப்படியே தூங்கிட்டா. எனக்குக் கையக் காலை அசைக்கப் பயம். அப்பத்தான் கோகிலா ஆரம்பிச்சா.

“சாயங்காலம் இருங்களேன். ஒம்போதரைக்கு ஒரு பஸ் இருக்கு.”

“தெரியும். நாலு மணிக்குக் கிளம்பினாத்தான் நல்லது. நேரம் ஆக ஆகக் கஷ்டம்.”

“யாருக்குக் கஷ்டம்?”

“உனக்குத்தான்.”

“எனக்கென்ன கஷ்டம்? நீங்க இருந்தா நல்லாத்தான இருக்கும்.”

நான் மரத்தப் பாத்தேன். அப்பத்தான் அவ அந்த வார்த்தைய சொன்னா. நாலு மணிக்குக் கிளம்பினா அப்படியே போயிருங்க, நாங்க வரலன்னு. கத்தல. மெதுவாத்தான் சொன்னா. கத்தியிருந்தா எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

நாலாச்சு. பாப்பாவத் தூக்கி அவ கைல குடுத்தேன். முழிச்சிருச்சு. வீல்னு அழுகை. அத்தை ஓடி வந்தாங்க, மாமா கிலுகிலுப்பைய ஆட்டினாரு, நிக்கல. என் சட்டைய வேற புடிச்சிருந்துச்சு, அத எடுத்து விட்டுட்டு நான் சொன்னேன், “விடு, பழகிரும்”னு.

ஆறுதலாத்தான் சொன்னேன் அண்ணே. எங்க வார்டன் எல்லா அப்பா அம்மாகிட்டயும் சொல்றதுதான். எங்கப்பா என்கிட்ட சொன்னதுதான். கோகிலா என்னைய ஒரு பார்வை பாத்தா பாருங்க. “எதுக்குப் பழகணும்?”னு கேட்டா. “என் புள்ள எதுக்குங்க பழகணும்? அப்பா போறதுக்கா?” அவ்வளவுதான். பாப்பாவத் தூக்கிக்கிட்டு உள்ள போயிட்டா.

நான் நடந்தேன். நாலு மணிக்குக் கிளம்பினா திரும்பிப் பாக்கக் கூடாது. வார்டன் மைக்லயே சொல்லுவாரு, “திரும்பிப் பாக்காமப் போங்க. நீங்க திரும்பினா பையன் ஓடி வருவான்”னு. எங்கப்பா ஒரு தடவகூட திரும்பினதில்ல. பன்னெண்டு வருஷம். கேட்டுல இருந்து ரோடு வளையற எடம் வரைக்கும் ஒரு நூறு அடி இருக்கும். வெள்ளச் சட்டை, தோள்ல பையி. வளைவுகிட்ட நடை கொஞ்சம் மெதுவாகும். இப்ப திரும்புவாரு, இப்ப திரும்புவாருன்னு பாப்பேன். திரும்ப மாட்டாரு. அவ்வளவு கட்டுப்பாடான மனுசன். நானும் அப்படித்தான். ஒவ்வொரு மாசமும் கோகிலா வாசல்ல நின்னு கையாட்டுவாளாம், மாமா சொன்னாரு. நான் பாத்ததில்ல.

இன்னிக்கும் அதே மாதிரி நேரா நடந்தேன். ஆனா அண்ணே, இன்னிக்கு வாசல்ல யாரும் இல்ல. அவ இல்ல, அத்தை இல்ல, மாமா கூட இல்ல. மரத்தடில ஃபேன் மட்டும் ஓடிக்கிட்டிருக்கு.

என்ன கேக்கறீங்க?

ஆமா. திரும்பித்தான் பாத்தேன்.

ஏன் பாத்தேன்னு கேக்காதீங்க, எனக்கே தெரியல. நடந்துக்கிட்டே இருந்தேன், பாப்பா அழற சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு, அப்பறம் நின்னுருச்சு. அழுகை நின்னதும் எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. திரும்பிட்டேன். பாத்தா காலி வாசல்.

அந்த எடத்துல எங்கப்பா மேல கோவம் வந்துச்சு அண்ணே. இத்தன வருஷத்துல முதல் தடவ. நல்ல மனுசன் அவரு, எனக்காகத்தான் அவ்வளவு ஒழைச்சாரு. ஆனா ஒரே ஒரு தரம் அவரு திரும்பியிருந்தா, அவருக்கு வாசல் காலியா இருந்திருக்காது. நான் அங்கதான் நின்னேன். ஒவ்வொரு தடவையும் நின்னேன். அவரு வளைவு தாண்டினப்பறமும் நின்னேன். பெல் அடிச்சு இழுத்துட்டுப் போற வரைக்கும் நின்னேன். அதப் பாக்காமப் போனது அவருதான. ஒரு நிமிஷம் அண்ணே.

இது என்ன, முசிறியா? எவ்வளவு நேரம் நிக்கும்? அஞ்சு நிமிஷமா. அந்தா எதிர்ல நிக்குது பாருங்க, தொறையூர் வண்டி, அவ ஊரு வழியாத்தான் போகும். அதுவும் எங்க சீட்டுதான்.

எறங்கச் சொல்றீங்களா? கரூர் வரைக்கும் டிக்கெட் எடுத்துட்டேனே. காலைல எட்டு மணிக்குக் கம்பெனில நிக்கணும். நாளைக்குப் புது வண்டிக்கு சீட்டு ஏத்தறோம். மாத்துத் துணி கூட இல்ல. சரி, மாமா வேட்டி இருக்கும். கட்டிக்கலாம்.

எறங்கறேன் அண்ணே. ஆனா ஒரே ஒரு சந்தேகம். போனவங்க பாதி வழில திரும்பி வந்து நான் பாத்ததே இல்ல. எங்க ஹாஸ்டல்ல அப்படி யாரும் வந்ததில்ல. வந்தா முதல்ல என்ன சொல்லணும்? தப்பு பண்ணிட்டேன்னு சொல்லணுமா? எதையாச்சும் மறந்துட்டேன், எடுத்துட்டுப் போக வந்தேன்னு சொல்லலாமா?

வேண்டாமா. ‘வந்துட்டேன்’னு சொல்லவா? அது மட்டுமா? காரணம் ஒண்ணும் சொல்ல வேண்டாமா? வெறும் ‘வந்துட்டேன்’ போதுங்களா?

போதுந்தான் அண்ணே. எங்கப்பா சொல்லியிருந்தா எனக்குப் போதுமாத்தான் இருந்திருக்கும். கண்டக்டர், விசில் அடிச்சுறாதீங்க, நான் எறங்கணும்.